கரண்ட் வைத்தால் மட்டும் முட்டி வலி போகாது

“பத்து நாள் கரண்ட் வெச்சேன். வெச்ச அன்னிக்கு நல்லா இருந்துச்சு, மறுநாள் பழைய கதைதான்.” முட்டி வலிக்குப் பிசியோதெரபி போய்வந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். அவர்கள் சொல்வது உண்மை. அதை வைத்துப் பிசியோதெரபியே வீண் என்ற முடிவுக்கு வருவதுதான் தவறு. படுக்க வைத்து, ஒயரை மாட்டி, இருபது நிமிடம் கழித்துக் கழற்றி அனுப்பியிருக்கிறார்கள். வலி அடங்கியிருந்த அந்த நேரத்தில் செய்யவைத்திருக்க வேண்டியதைச் செய்யவைக்காமல் ஆட்டோ ஏற்றிவிட்டார்கள்.

சூடு, கரண்ட், அல்ட்ராசவுண்ட் எல்லாம் வலியைக் கொஞ்ச நேரம் தள்ளிவைக்கும். தசைக்குப் பலம் கொடுக்காது, விறைத்த மூட்டை நீட்டாது. அதையெல்லாம் செய்வது பயிற்சி. பயிற்சிக்கும் மாத்திரையைப் போல அளவு உண்டு: எத்தனை தடவை, எத்தனை நொடி, எவ்வளவு எடை, வாரத்துக்கு எத்தனை நாள். அதை எழுதித் தராத சிகிச்சை பாதிச் சிகிச்சை. எல்லா நோய்க்கும் பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால், ஐம்பதைத் தாண்டியவர்கள் அதிகம் அவதிப்படும் முழங்கால் தேய்மானத்தை வைத்தே ஒவ்வொரு சிகிச்சை முறையாகப் பார்ப்போம்.

முதல் நாள்

முதல் நாளே மெஷினில் படுக்கப் போட்டால் சந்தேகப்படுங்கள். அன்றைக்கு நடக்க வேண்டியது அளவெடுப்பு. கோனியோமீட்டர் என்று இரண்டு கை வைத்த பாகைமானி இருக்கும். அதை முட்டியின் பக்கவாட்டில் வைத்து எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்பார்கள். நல்ல முழங்கால் நேராக நீண்டு 0 டிகிரியில் நிற்கும், மடக்கினால் 135 வரை போகும். சமதரையில் நடக்க 60, 70 டிகிரி போதும். படி ஏறி இறங்க ஏறக்குறைய 90 வேண்டும். தரையில் குந்தி எழ 130க்கு மேல் வேண்டும். இந்த எண்கள் தெரிந்தால்தான் ‘எனக்கு எப்போ கீழே உட்கார முடியும்’ என்ற கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல முடியும்.

அடுத்தது தசை வலு. 0 முதல் 5 வரை தரம் போடுவார்கள். காலின் எடையை மட்டும் எதிர்த்துத் தூக்க முடிந்தால் 3. பிசியோதெரபிஸ்ட் கையால் அழுத்தியும் தாக்குப்பிடித்தால் 4 அல்லது 5. கூடவே ஓர் எளிய சோதனை: கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, சாதாரண உயர நாற்காலியிலிருந்து 30 நொடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. செலவில்லாத சோதனை, ஆனால் முன்னேற்றத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

வீக்கத்தையும் அளவு டேப்பால் இரண்டு முட்டியிலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வீக்கம் வலியோடு மட்டும் நிற்பதில்லை. முட்டிக்குள் 20, 30 மில்லி நீர் சேர்ந்தாலே தொடையின் முன்தசைக்கு, குறிப்பாக அதன் உட்புறப் பகுதிக்கு, நரம்பு அனுப்பும் கட்டளை மட்டுப்பட்டுவிடும். தசை வேலை செய்யாது, வேலை செய்யாததால் சூம்பும், சூம்பினால் மூட்டு இன்னும் ஆடும். ‘நடந்துட்டே இருக்கும்போது திடீர்னு முட்டி விட்டுப்போகுது’ என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முட்டி கொதித்துச் சிவந்து காய்ச்சலோடு வந்தாலோ, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, கீழே விழுந்த பிறகு கால் ஊன்றவே முடியாவிட்டாலோ, முட்டி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டாலோ பிசியோதெரபி அல்ல, முதலில் டாக்டர். கெண்டைக்கால் வீக்கத்துக்குக் காரணம் ரத்தக்கட்டி என்றால், அதை எண்ணெய் போட்டு உருவிவிடுவது உயிருக்கே உலை வைக்கும்.

சூடும் குளிரும்

ஹாட் பேக் என்பது கித்தான் பைக்குள் பென்டோனைட் களிமண் நிரப்பியது. 70 முதல் 75 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும். எடுத்து, நீரை வடித்து, டவலால் ஆறு முதல் எட்டு மடிப்பு சுற்றி, முட்டியின் மேல் வைப்பார்கள். 15 முதல் 20 நிமிடம். வைத்தவுடன் ‘சூடே இல்லையே’ என்று தோன்றும். தோலில் சூடு ஏறி உச்சத்துக்கு வர ஐந்தாறு நிமிடம் பிடிக்கும். ஆரம்பத்திலேயே சூடு போதவில்லை என்று ஒரு மடிப்பை உருவச் சொல்பவர்களுக்குத்தான் பத்தாவது நிமிடத்தில் கொப்புளம் வருகிறது. ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை தூக்கித் தோலைப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு சரி. வெள்ளையும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் எடுத்துவிட வேண்டும்.

பேக்கின் மேல் காலைப் போட்டு அழுத்திக்கொண்டு படுப்பது இன்னொரு தவறு. உடல் எடை பையிலிருந்து வெந்நீரைப் பிழிந்து டவலுக்குள் இறக்கும். அழுத்தத்தில் அந்த இடத்து ரத்த ஓட்டமும் குறைவதால் வந்த சூட்டை ரத்தம் அள்ளிக்கொண்டு போக முடியாது. எப்போதும் பேக் மேலே, கால் கீழே.

நீரிழிவு பல வருடமாக இருப்பவர்களுக்குக் காலில் சூடு உறைப்பதே தெரியாது. சூடு வைப்பதற்கு முன் ஒரு சோதனைக் குழாயில் வெந்நீர், இன்னொன்றில் குளிர்ந்த நீர் எடுத்து, கண்ணை மூடச் சொல்லிவிட்டு மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். எது சூடு, எது குளிர் என்று சொல்லத் தெரியாதவருக்கு ஹாட் பேக் கூடாது. வீட்டில் வெந்நீர்ப் பையோ கரண்டில் போடும் ஒத்தடப் பையோ வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போவதும் இதே ஆபத்துதான். தினமும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் சூடு வைத்தால் தோலில் வலை பின்னியதுபோல் பழுப்புக் கோடுகள் விழும். அது தெரிந்தால் சூட்டை நிறுத்துங்கள்.

மெழுகு ஒத்தடம் முட்டியைவிடக் கைவிரல் மூட்டுகளுக்குத்தான் பொருத்தம். ஏழு பங்கு பாரஃபின் மெழுகுக்கு ஒரு பங்கு லிக்விட் பாரஃபின் கலந்து, 52 முதல் 54 டிகிரியில் உருக்கி வைத்திருப்பார்கள். எண்ணெய் சேர்ப்பது உருகுநிலையைக் குறைக்கவும், ஆறிய மெழுகு பிசிறில்லாமல் உரிந்து வரவும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்து, மோதிரத்தைக் கழற்றி, விரல்களைச் சற்று விரித்து முக்கி எடுக்க வேண்டும். மெழுகு மங்கியதும் மறுபடி முக்க வேண்டும். இப்படி எட்டுப் பத்து முறை. பிறகு பிளாஸ்டிக் கவர், அதன் மேல் டவல், 15 முதல் 20 நிமிடம். இதில் நடக்கும் தவறுகள் மூன்று. கையில் ஈரம் இருந்தால் அந்தத் துளி சூடேறித் தோலைச் சுடும். முக்கும்போது விரலை ஆட்டினால் மெழுகில் விரிசல் விட்டு, அடுத்த முறை சூடான மெழுகு உள்ளே இறங்கித் தோலுக்கும் பழைய அடுக்குக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். முதல் முறை முக்கிய மட்டத்துக்கு மேல் இரண்டாம் முறை முக்கினாலும் அதேதான்.

முட்டி வீங்கிச் சூடாக இருக்கும் நாட்களில் சூடு வேண்டாம், ஐஸ். ஐஸ் கட்டிகளை ஈர டவலில் சுற்றி 10 முதல் 15 நிமிடம். முதலில் குளிரும், பிறகு எரியும், பிறகு குத்தும், கடைசியில் மரத்துப்போகும். மரத்த உடனே எடுத்துவிட வேண்டும். முட்டிக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே விரலுக்குத் தட்டுப்படும் எலும்புக் குமிழைச் சுற்றிப் பாதத்தைத் தூக்கும் நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. அங்கே ஐஸை அழுத்திக் கட்டிவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தால் பாதம் தொங்கிப்போகும் அளவுக்கு அந்த நரம்பு அடிபடலாம்.

கரண்ட்

எல்லோரும் ‘கரண்ட்’ என்று சொல்வது பெரும்பாலும் ஐ.எஃப்.டி. அல்லது டென்ஸ். இரண்டும் வேலை செய்வது ஏறக்குறைய ஒரே அடிப்படையில். 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் முன்வைத்த ‘கேட் கன்ட்ரோல்’ கோட்பாடு அது: தொடுதல், அதிர்வு ஆகியவற்றைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்பட்டால், வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகளின் செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படும். கதவில் இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோமே, அதன் பின்னாலும் இதுதான் இருக்கிறது. தேய்ப்பதை நிறுத்தினால் வலி திரும்புவதுபோல, கரண்ட் நின்ற சற்று நேரத்தில் வலி திரும்புவதும் இதனால்தான். மெஷின் கெட்டுப்போகவில்லை, அதன் வேலையே அவ்வளவுதான்.

ஐ.எஃப்.டி.யில் ஒரு ஜோடி பேட் வழியாக 4000 ஹெர்ட்ஸ், மற்றொரு ஜோடி வழியாக 4100 ஹெர்ட்ஸ் என்று இரண்டு மின்னோட்டம் போகும். அவை குறுக்கே வெட்டும் இடத்தில் வித்தியாசமான 100 ஹெர்ட்ஸ் துடிப்பு உருவாகும். அதிர்வெண் கூடும்போது தோலின் தடை குறைவதால் குத்தாமல் உள்ளே இறங்கும். முக்கியமானது அந்தக் குறுக்கு வெட்டு. நான்கு பேடையும் எக்ஸ் வடிவில், வலிக்கும் இடம் நடுவில் வரும்படி வைக்க வேண்டும். ஒரே சேனலின் இரண்டு பேடையும் ஒரே பக்கத்தில் ஒட்டினால் இரண்டு ஓட்டமும் சந்திக்கவே சந்திக்காது. ஒயரின் நிறத்தைப் பார்த்தால் இது உங்களுக்கே தெரிந்துவிடும்: ஒரே நிறத்து ஒயர்கள் முட்டிக்கு எதிரெதிர் மூலையில் இருக்க வேண்டும்.

பேடுக்கு அடியில் உள்ள பஞ்சு நன்றாக நனைந்திருக்க வேண்டும். ஓரம் காய்ந்துவிட்டால் மின்னோட்டம் முழுக்க ஈரமான சின்ன இடத்தில் குவிந்து ஊசி குத்துவதுபோல் இருக்கும். உறிஞ்சும் கிண்ணம் வைக்கும் மெஷினில் வாக்குவத்தைக் கூட்டி வைத்தால், தோல் மெலிந்த வயதானவர்களுக்கு வட்ட வட்டமாக ரத்தம் கன்றிப்போகும். அளவு: பலமான, ஆனால் தாங்கக்கூடிய சுறுசுறுப்பு, 15 முதல் 20 நிமிடம். ஐந்தாறு நிமிடத்தில் நரம்பு பழகிவிடுவதால் உணர்வு குறைந்ததுபோல் இருக்கும். அப்போது கூப்பிட்டுச் சொன்னால் கொஞ்சம் ஏற்றுவார்கள். நீங்களே குமிழைத் திருகாதீர்கள்.

டென்ஸ், சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சின்ன பேட்டரிப் பெட்டி. 80 முதல் 100 ஹெர்ட்ஸ், துடிப்பின் அகலம் 50 முதல் 100 மைக்ரோ நொடி. சுறுசுறுவென்று இருக்க வேண்டும், தசை துள்ளக் கூடாது. ஒட்டும் ஜெல் பேடை இன்னொருவருடன் பகிர வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஐ.எஃப்.டி.யும் வேண்டாம், டென்ஸும் வேண்டாம். கழுத்தின் முன்பக்கத்திலும் கர்ப்பிணிகளின் வயிற்றிலும் வைக்கவே கூடாது.

அல்ட்ராசவுண்டும் எஸ்.டபிள்யூ.டி.யும்

ஜெல் தடவி, மைக் மாதிரி ஒன்றை வட்டமாகத் தேய்ப்பார்களே, அது அல்ட்ராசவுண்ட். 1 மெகாஹெர்ட்ஸில் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழம், 3 மெகாஹெர்ட்ஸில் 1 முதல் 2 சென்டிமீட்டர். ஒலி அலை காற்றைத் தாண்டாது. அந்த மைக்கின் தலைக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய காற்றிடைவெளி இருந்தாலும் அப்படியே திரும்பிவிடும், அதற்காகத்தான் ஜெல். மெஷின் வேலை செய்கிறதா என்று பார்க்க, தலையைக் கவிழ்க்காமல் மேல்நோக்கிப் பிடித்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு கணம் ஓடவிட்டால் சொட்டு குமிழிட்டுத் துள்ளும். துள்ளாத மெஷினால் மாதக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருக்கும் இடங்களும் உண்டு. தலையை ஒரே இடத்தில் நிறுத்தினால் எலும்பின் மேலுறை சூடேறிச் சுருக்கென்று ஆழமாக வலிக்கும். வலித்தால் உடனே சொல்லுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு பரப்பில். ஐந்து நிமிடத்தில் தலையின் அளவைப்போல் இரண்டு மடங்கு இடத்துக்குத்தான் உருப்படியாகக் கொடுக்க முடியும். 5 சதுர சென்டிமீட்டர் தலை என்றால் 10 சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு தீப்பெட்டியின் மேல்பரப்பில் பாதிக்குச் சற்றுக் கூடுதலான இடம். அதே ஐந்து நிமிடத்தில் முட்டி முழுக்கச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் எந்த இடத்துக்கும் அளவு சேராது. தேய்மானம் நடக்கும் குருத்தெலும்போ எலும்புகளுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே ஒலி போய்ச் சேர்வதே கடினம். தேய்மானத்துக்கு அல்ட்ராசவுண்டை நம்பிப் பணம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

எஸ்.டபிள்யூ.டி. (ஷார்ட் வேவ் டயதெர்மி) 27.12 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையால் ஆழத்தில் சூடு உண்டாக்குவது. உடலுக்குள் பிளேட், ஸ்க்ரூ, செயற்கை மூட்டு இருந்தால் கூடாது. மோதிரம், கொலுசு, இடுப்புச் சாவிக்கொத்து, காது மெஷின், செல்போன் எல்லாம் வெளியே. இரும்புக் கட்டிலில் படுக்க வைக்கக் கூடாது, மரக்கட்டில்தான். தோல் மடிப்பில் வேர்வை தேங்கினால் அந்த நீரே கொதித்துச் சுடும் என்பதால் காய்ந்த டவல் வைப்பார்கள். இரண்டு பேடும் தோலிலிருந்து ஒரே தூரத்தில் இணையாக இருக்க வேண்டும். ஒன்றின் மூலை தோலுக்கு நெருங்கிவிட்டால் சூடு முழுக்க அங்கே குவியும். இதமான வெதுவெதுப்புதான் அளவு.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டுதல், டென்ஸ், ஐ.எஃப்.டி., அல்ட்ராசவுண்ட் போன்ற மின்சிகிச்சைகளுக்குப் போதிய சான்று இல்லை, கொடுக்க வேண்டாம் என்கிறது. பயிற்சியை எல்லோருக்கும் கொடுக்கச் சொல்கிறது. என் பார்வை இவ்வளவு கறாரானது அல்ல. வலி தாங்காமல் காலை அசைக்கவே மறுப்பவரை முதல் இரண்டு வாரம் பயிற்சிக்குள் கொண்டுவர ஒரு ஹாட் பேக்கும் டென்ஸும் உதவும். மூன்றாம் வாரமும் அவையே முழுச் சிகிச்சையாக இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

இடுப்பு வலிக்கு எடையைக் கட்டி இழுத்துப் போடும் டிராக்‌ஷனைப் பற்றியும் ஒரு வார்த்தை. படுத்திருக்கும் உடலுக்கும் கட்டிலுக்கும் உள்ள உராய்வைத் தாண்டவே உடல் எடையில் கால் பங்கு இழுவிசை வேண்டும். 60 கிலோ ஆளுக்கு ஏழெட்டுக் கிலோ மாட்டினால் முதுகெலும்பு ஒரு மில்லிமீட்டர்கூட அசையாது. கட்டிலில் ஓய்வெடுத்ததுதான் மிச்சம். போதிய இழுவிசை கொடுத்தாலும் பலன் நிரூபணமாகவில்லை என்று அதே நைஸ் 2016இல் அதைக் கைவிடச் சொன்னது.

கையால் செய்வது

காலைத் தளர நீட்டிப் படுத்திருக்கும்போது முட்டிச்சில்லைக் கட்டைவிரலால் மேலும் கீழும், உள்ளும் வெளியும் தள்ளிப் பார்ப்பார்கள். நல்ல முட்டியில் அது வழுக்கிக்கொண்டு நகரும். நகரவில்லை என்றால் முட்டி முழுதாக மடங்காது. அப்போது ஒவ்வொரு திசையிலும் அரை நிமிடம், ஒரு நிமிடம் மெதுவாக அசைத்துத் தளர்த்துவார்கள். ஆஸ்திரேலியப் பிசியோதெரபிஸ்ட் மெயிட்லண்ட் வகுத்த தரவரிசையில் 1, 2 என்பவை மூட்டு போகும் எல்லையைத் தொடாமல் வலியைத் தணிக்கும் அசைவுகள். 3, 4 என்பவை மூட்டு போகும் எல்லை வரை தள்ளி விறைப்பை எடுப்பவை. வலி மிகுந்த முட்டியில் முதல் நாளே 4 போட்டால் மறுநாள் வீங்கும். ‘மடக்குறேன், கொஞ்சம் பொறுத்துக்குங்க’ என்று முட்டியைப் பலவந்தமாக மடக்குவது சிகிச்சையே அல்ல. நோயாளி பயத்தில் தசையை இறுக்குவார். இறுகிய தசையை எதிர்த்து மடக்கினால் கிழிவதும் வீங்குவதும்தான் நடக்கும். எண்ணெய் தடவி உருவிவிடுவது இதமாக இருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பயிற்சி

இங்கேதான் உங்கள் பணமும் நேரமும் போக வேண்டும்.

முதலில் ஸ்டாட்டிக் குவாட்ஸ். காலை நீட்டி உட்கார்ந்து அல்லது படுத்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய டவலை வைத்து, முட்டியின் பின்பக்கத்தால் அதை நசுக்க வேண்டும். முட்டிச்சில்லு தொடையை நோக்கி ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஐந்து நொடி பிடித்து விடுங்கள், பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பலர் டவலை நசுக்குவதாக நினைத்துக்கொண்டு இடுப்பையே அழுத்துவார்கள். தொடை கொழகொழவென்றே இருக்கும். கையை வைத்துப் பார்த்தால் தொடையின் உட்புறம், முட்டிச்சில்லுக்குச் சற்று மேலே, கல்லாக இறுக வேண்டும். இறுகாவிட்டால் பாதத்தை உங்கள் பக்கம் மடக்கிக்கொண்டு முயலுங்கள். மூச்சைப் பிடிக்கக் கூடாது. ரத்த அழுத்தம் ஏறும். வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும்.

அடுத்தது காலை நேராகத் தூக்குவது. மல்லாந்து படுத்து, நல்ல காலை மடக்கி ஊன்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இடுப்பு வளைந்து முதுகு வலிக்கும். வலிக்கிற காலின் முட்டியை முதலில் நேராக நீட்டிப் பூட்டி, பிறகு ஓர் அடி உயரம் தூக்கி, ஐந்து நொடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். பத்து முறை, மூன்று செட். காலை விட்டத்தைத் தொடும் அளவுக்குத் தூக்குபவர்கள் உண்டு. உயரம் ஏற ஏறத் தசைக்குச் சுமை குறையும், பலனில்லை. தூக்கும்போது முட்டி லேசாக மடங்கித் தொய்ந்தால் தொடைத் தசைக்கு இன்னும் பூட்டும் வலு வரவில்லை என்று பொருள். அவர்கள் ஒரு வாரம் முதல் பயிற்சிக்கே திரும்ப வேண்டும்.

பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்கும் பயிற்சியை முட்டி நோயாளிகள் ‘எனக்கு இடுப்பு வலிக்கலையே’ என்று விட்டுவிடுகிறார்கள். இடுப்பின் பக்கத் தசை வலுவில்லாதவர் எழும்போதும் படி இறங்கும்போதும் முட்டி உள்பக்கம் சாயும். தூக்கும்போது பாதவிரல் கூரையைப் பார்க்காமல் முன்னால் பார்க்க வேண்டும், கால் உடம்புக்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும். விரல் மேலே திரும்பினால் வேலையை முன்தசை எடுத்துக்கொள்ளும். பத்து முறை, இரண்டு செட்டிலிருந்து தொடங்கலாம்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். நாற்காலியை நழுவாதபடி சுவரோடு சேர்த்துப் போட்டு, இருக்கையில் தலையணை வைத்து உயரத்தை 50 சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றிக்கொள்ளுங்கள். பாதங்கள் தோள் அகலத்தில், குதிகால் முட்டிக்குச் சற்றுப் பின்னால். மூக்கு பாதவிரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழுங்கள். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். தொப்பென்று விழுந்தால் பயிற்சியின் பாதி போய்விடும். பத்து முறை, இரண்டு அல்லது மூன்று செட், ஒரு நாள் விட்டு ஒரு நாள். சுலபமாகிவிட்டால் தலையணையை எடுங்கள். அதுவும் சுலபமானால் கையில் இரண்டு கிலோ அரிசிப் பையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்றம்தான் பலர் தவறவிடும் இடம். ஆறு மாதமாக அதே பத்து தடவை, எடையே இல்லாமல் காலைத் தூக்கிக்கொண்டிருந்தால் தசை முதல் சில வாரத்தோடு வளர்வதை நிறுத்திவிடும். 1945இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், அடிபட்ட வீரர்களின் முட்டியைத் தேற்ற எடையைப் படிப்படியாக ஏற்றும் முறையை எழுதினார். பின்னர் அது எளிமையான வடிவம் பெற்றது: சரியாகப் பத்து முறை மட்டும் தூக்க முடியும் எடையைக் கண்டுபிடித்து, முதல் செட்டில் அதில் பாதி, இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் முழு எடை. கணுக்காலில் கட்டும் வெயிட் கஃப் அரைக் கிலோவிலிருந்து கிடைக்கும். மூன்றாவது செட்டின் பத்தாவது தடவையும் சிரமமில்லாமல் போனால் அரைக் கிலோ ஏற்றுங்கள்.

தசையை நீட்டும் பயிற்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொடையின் பின்தசை, கெண்டைக்கால் இரண்டையும் 30 நொடி இழுத்துப் பிடிக்க வேண்டும், மூன்று முறை, ஆட்டாமல். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை இழுக்கும்போது பின்காலின் குதிகால் தரையைவிட்டு எழக் கூடாது.

வலித்தால் நிறுத்துவதா, தொடர்வதா? பத்துக்கு எத்தனை வலி என்று உங்களுக்கு நீங்களே எண் போட்டுக்கொள்ளுங்கள். செய்யும்போது 5 வரை போகலாம். மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டாலோ முட்டி வீங்கினாலோ தடவைகளைப் பாதியாகக் குறையுங்கள், முழுதாக விட்டுவிடாதீர்கள். தொடையில் ஓரிரு நாள் இருக்கும் சதைவலியும் மூட்டுக்குள் வரும் வலியும் வேறு வேறு. முதலாவதுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

மிச்ச இருபத்து மூன்று மணி நேரம்

இரவில் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது சுகமாக இருக்கும். அப்படியே மாதக்கணக்கில் படுத்தால் முட்டி நேராக நீள்வதை மறந்துவிடும். ஐந்து பத்து டிகிரி மடங்கியே நிற்கும் முட்டியோடு நடப்பதற்குத் தொடை எப்போதும் உழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் தடியின் உயரம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ஒரு கிலோ உடல் எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. தினமும் சில ஆயிரம் அடி வைக்கும் காலுக்கு அது சின்ன விஷயம் அல்ல.

சம்மணம், குந்துதல் இரண்டையும் ஆயுளுக்கும் தடை செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. வலி பொங்கியிருக்கும் வாரங்களில் தவிர்க்கலாம். பிறகு தொடைக்கு வலு வந்து, மடக்கும் அளவும் கூடியபின், பலகை அல்லது முக்காலி வைத்து உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழகலாம். எல்லோரும் தரைக்குத் திரும்பிவிட முடியாது. எலும்பு முள் வளர்ந்து 100 டிகிரியோடு நிற்கும் முட்டியை எந்தப் பயிற்சியும் 130க்குக் கொண்டுபோகாது.

தினமும் சென்டருக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. முதல் மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டு நாள் போய்ப் பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டு, பிறகு எடை ஏற்றிக்கொள்ள இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனால் போதும். மற்ற நாள் வீட்டில். வெளியே வர முடியாமல் படுத்திருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பெயர் பதிந்துகொள்வார்கள்.

ஆறாவது வாரத்தில் மறுபடி அளவெடுங்கள். 30 நொடியில் நாற்காலியிலிருந்து எழும் எண்ணிக்கை இரண்டு மூன்று கூடியிருந்தால் போகிற வழி சரி. கூடவில்லை என்றால் பயிற்சியின் எடையையும் செய்யும் விதத்தையும் பிசியோதெரபிஸ்டிடம் திரும்பக் காட்டுங்கள். பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் இரவில் வலி தூக்கத்தைக் கெடுத்தால், அல்லது கால் வில்லாக வளைந்துகொண்டே போனால், அந்த அளவுச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.